ஹெச்பிவி டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்திருக்கு, யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல (வேலூர் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா)

காட்பாடி_கயல் | செவ்வாய், இரவு 11.52

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிகிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னிக்குத்தான் முதல்முதலா எழுதறேன். வயசு 38, காட்பாடி பக்கம் ஒரு ஸ்கூல்ல அஞ்சாம் வகுப்பு டீச்சர், ரெண்டு பசங்க, பெரியவ எட்டாவது படிக்கிறா.

கூட வேலை செய்யற டீச்சர் ஒருத்தங்க நாப்பது வரப்போவுது ஒரு தடவை எல்லாம் பாத்துக்கோன்னு சொன்னாங்கன்னு போன மாசம் ஒரு எடத்துல ஹெல்த் செக்கப் போனேன். எந்த எடம்னு சொல்ல விரும்பல. பில் போடற எடத்துல ஒரு பொண்ணு "மேடம் பாப் ஸ்மியர் கூட ஹெச்பிவியும் சேத்து போட்டுடட்டுமா, பேக்கேஜ்ல வருது"ன்னு கேட்டுச்சு, நான் சுகர் டெஸ்டுக்கு சரின்னு சொல்ற மாதிரி சரிம்மா போடுன்னுட்டேன். அது என்ன டெஸ்ட், எதுக்கு, பாசிட்டிவ்னு வந்தா என்ன அர்த்தம், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல, நானும் கேக்கல.

நேத்து சாயந்திரம் ஸ்கூல் விட்டு பஸ்ல வரும்போது வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் வந்துச்சு. கூட்டத்துல ஒரு கையில கம்பிய புடிச்சிகிட்டு இன்னொரு கையில தொறந்து பாத்தா பெரிய எழுத்துல ஹை ரிஸ்க் ஹெச்பிவி, டிடெக்டட்னு இருக்கு. ஹை ரிஸ்க்னு படிச்சதும் காது அடைச்சிடுச்சு. காட்பாடியில சித்தூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி அப்படியே உக்காந்துட்டேன். அந்த நம்பருக்கு போன் போட்டா "டாக்டர் அடுத்த வாரம்தான் மேடம் இருப்பாங்க, பாசிட்டிவ்னா இன்பெக்ஷன் இருக்குன்னு அர்த்தம்"னு சொல்லி வச்சிடுச்சு. அப்புறம் நெட்ல தேடினேன். உடலுறவு மூலமா பரவும்னு போட்டிருக்கு, புற்றுநோய்னு போட்டிருக்கு. அதுக்கு மேல படிக்க முடியல.

வீட்டுக்கு வந்து என் டம்ளரை தனியா எடுத்து வச்சிட்டேன். சோப்பு தனி, துண்டு தனி. சின்னவன் ஓடிவந்து மடியில படுத்தான், தள்ளிப் படுடான்னு சொல்லிட்டேன், அவன் மூஞ்சி வாடிப்போச்சு.

இன்னொன்னு சொல்லணும், சொல்லவே வெக்கமா இருக்கு. வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் வெளிநாட்டுல இருந்தவரு. பதினஞ்சு வருஷத்துல ஒருநாளும் அவர் போனை நான் எடுத்துப் பாத்ததில்ல. நேத்து ராத்திரி அவர் தூங்கினப்புறம் பாத்தேன். ஒண்ணும் இல்ல. இ.பி. ஆபீஸ் மெசேஜும் பொண்ணோட ஸ்கூல் குரூப்பும்தான் இருந்துச்சு. பாத்ததுக்கப்புறம்தான் ரொம்ப அழுதேன்.

எனக்கு எப்படி வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சு, பசங்களுக்கு பரவிடுமா, எவ்ளோ நாள் இருப்பேன், யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. தூக்கம் வரல.

---

ஆம்பூர்_அக்கா | புதன், காலை 5.40

தங்கச்சி முதல்ல அந்த டம்ளரை எடுத்து பழைய எடத்துலயே வை. டம்ளர்ல பரவாது, சோத்துல பரவாது, புள்ளைய மடியில போட்டா பரவாது. இத நான் டாக்டர்கிட்ட வாய்விட்டு கேட்டு தெரிஞ்சிகினது. நானும் உன்ன மாதிரியேதான் மூணு மாசம் தட்டு தனியா வச்சிகினு இருந்தேன்.

நான் ஷூ கம்பெனில தையல் செக்ஷன், 17 வருஷம். நாலு வருஷத்துக்கு முன்னாடி உள்ளயே கேம்ப் போட்டாங்க, முப்பது வயசுக்கு மேல இருக்கறவங்க எல்லாரும் டெஸ்ட் எடுத்துகினோம், அதுல ஒண்ணும் தப்பில்ல, நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. ஆனா ரிசல்ட் வந்த அன்னிக்கு ஒருத்தங்க பேப்பரை வச்சிகினு லைன்ல நின்னு பேர் படிச்சி கூப்ட்டாங்க, பேர் வந்தவங்க மட்டும் தனியா வாங்கன்னு. ஒம்பது பேர். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள மூணு செக்ஷனுக்கும் தெரிஞ்சி போச்சி. அவங்க வாயில ஹெச்பிவின்னு வந்தது எங்க ஜனங்க காதுல ஹெச்ஐவின்னு வுழுந்துச்சு. சாயந்திரம் ஷேர் ஆட்டோல எப்பவும் என் தோள்ல சாஞ்சி தூங்கிகினு வர பொண்ணு அன்னிக்கு எழுந்து முன்னாடி டிரைவர் பக்கத்துல போய் உக்காந்துகிச்சு. நோய் வந்தது கூட அப்புறம்தான் நெனப்புக்கு வந்துச்சு, அந்த சீட்டு காலியா கெடந்ததுதான் இன்னும் கண்ணுல நிக்குது.

ஒரு வருஷம் கழிச்சி திரும்ப டெஸ்ட் எடுத்தேன், இல்லன்னு வந்துச்சு. மருந்தும் இல்ல மாத்திரையும் இல்ல, தானா போயிடுச்சு. அந்த ஒம்பது பேர்ல ஒருத்தங்களுக்கு மட்டும் ஆரம்பத்துல ஏதோ இருந்துச்சுன்னு சரி பண்ணாங்க, இப்ப நல்லா வேலைக்கு வந்துகினு இருக்காங்க. மனச வுடாத.

---

பாகாயம்_சிஸ்டர் | புதன், காலை 7.15

கயல், நான் நர்ஸ், 19 வருஷமா மகளிர் பிரிவுலதான் வேலை. நைட் டியூட்டி முடிச்சு வந்து உங்க பதிவைப் பாத்தேன், தூங்கறதுக்கு முன்னாடி இத எழுதிடணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நீங்க பாத்தது புற்றுநோய் ரிப்போர்ட் இல்ல. ஹெச்பிவின்னு ஒரு வைரஸ் குடும்பம், இருநூறு வகைக்கு மேல இருக்கு. அதுல பதினாலு வகையைத்தான் ஹை ரிஸ்க்னு சொல்வாங்க. ஹை ரிஸ்க்குங்கறது அந்த வகைக்கு வச்ச பேரு, உங்க உடம்புக்கு வச்ச பேர் இல்ல. இந்த ஒரு வார்த்தையாலதான் பாதி பேர் செத்துப் பொழைக்கிறாங்க. தாம்பத்யம் உள்ள பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில எப்பவாவது ஒருமுறை இது வந்து போயிருக்கும், ஆணுக்கும்தான் பொண்ணுக்கும்தான். பத்துல ஒம்பது பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே அதை அடக்கிடும். அடங்காம வருஷக்கணக்கா தங்கற கொஞ்ச பேருக்குத்தான் கர்ப்பப்பை வாய்ல செல்லு மாற ஆரம்பிக்கும், அதுவும் புற்றுநோயா ஆகறதுக்கு பத்து பதினஞ்சு வருஷம், சிலருக்கு அதுக்கும் மேல ஆகும். அந்த இடைவெளியில புடிக்கத்தான் இந்த டெஸ்டே.

யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு கேட்டிருக்கீங்க. எல்லாரும் முதல்ல கேக்கறது இதைத்தான். இந்த டெஸ்டுக்கு அதைச் சொல்லத் தெரியாது. இந்த வைரஸ் வருஷக்கணக்கா தூங்கிகிட்டு இருக்கும், பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சும் தலை தூக்கும். நேத்து வந்ததா, கல்யாணமான புதுசுல வந்ததா, அவர்கிட்ட இருந்து உங்களுக்கா, உங்ககிட்ட இருந்து அவருக்கா, எந்த லேபாலயும் சொல்ல முடியாது. உங்க வீட்டுக்காரர் உத்தமர்னும் அந்த பேப்பர் சொல்லல, துரோகின்னும் சொல்லல. ஒருத்தருக்கு ஒருத்தர்னே வாழ்ந்தவங்களுக்கும் பாசிட்டிவ் வரத்தான் செய்யுது, கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டுல ஒருத்தருக்கு இருந்திருந்தா போதும்.

இப்ப ஒரு வேலை செய்யுங்க. ரிப்போர்ட்ல அடுத்த பக்கம் தள்ளிப் பாருங்க. எந்த வகைன்னு பிரிச்சு போட்டிருப்பாங்க, 16, 18ன்னு தனியா ஒரு வரி, மத்த வகைன்னு ஒரு வரி. 16ம் 18ம்தான் முக்கியம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ல நூத்துக்கு எழுபது இந்த ரெண்டாலதான் வருது. கூடவே பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாய்ல இருந்து செல்லை எடுத்து மாற்றம் இருக்கான்னு பாக்கற டெஸ்ட், அதோட ரிசல்ட் இருக்கும். ரெண்டையும் எழுதுங்க.

ஆம்பூர் அக்கா சொன்ன காது விஷயம் ரொம்ப உண்மை. நம்ம ஊர்ல பாசிட்டிவ்ங்கற வார்த்தைக்கு தனி பயம் உண்டு. 1986ல சென்னையில எடுத்த ரத்தத்தை ஐஸ் வச்சு வேலூர் சிஎம்சிக்குத்தான் கொண்டுவந்து டெஸ்ட் பண்ணாங்க, நாட்டுலயே முதல்முதலா ஹெச்ஐவி இருக்குன்னு கண்டுபிடிச்சது அப்பத்தான். அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல நம்ம பக்கத்துல எத்தன குடும்பத்தை ஊரே ஒதுக்கி வச்சுதுன்னு பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க. நான் படிச்சு முடிச்சு வேலைக்கு வந்தப்பவும் அந்த பயம் வார்டுல அப்படியே இருந்துச்சு. அதனால நான் பாசிட்டிவ்னு சொல்றதையே விட்டுட்டேன். "வைரஸ் தெரியுதும்மா, ஹெச்ஐவி இல்ல, புற்றுநோயும் இல்ல, அடுத்து என்ன பண்ணணும்னு சொல்றேன் உக்காருங்க"ன்னுதான் ஆரம்பிப்பேன். உக்கார வச்சு சொல்றதுக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆவுது. அந்த அஞ்சு நிமிஷம் இல்லாமத்தான் நீங்க ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கீங்க, அதுக்கு எங்க துறை ஆளா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்.

---

வாலாஜா_வசந்தி | புதன், காலை 9.02

எதுக்கு ரிஸ்க்? புள்ள பெத்தாச்சு இல்ல, கர்ப்பப்பையை எடுத்துட சொல்லுங்க. எங்க அக்காவுக்கு 36லயே எடுத்துட்டாங்க, பயமே இல்லாம இருக்கா.

---

பாகாயம்_சிஸ்டர் | புதன், மதியம் 2.30

வசந்தி, அக்கறையில சொல்றீங்கன்னு புரியுது, ஆனா இத அப்படியே விட முடியாது. வைரஸ் தெரிஞ்சதுக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. எடுத்தாலும் வைரஸ் போயிடும்னு சொல்ல முடியாது, பெண்ணுறுப்புல தங்கலாம். 36 வயசுல எடுத்து, கூட சினைப்பையையும் சேத்து எடுத்துட்டாங்கன்னா எலும்பு தேய்மானம் உடனே ஆரம்பிக்கும், வேர்த்து ஊத்தும், மனசு ஒருநிலையில நிக்காது. பயத்துக்காக உறுப்பை எடுத்துட்டு வந்து நிக்கிற பொண்ணுங்களை நான் நெறைய பாத்துட்டேன். வேணும்னா நாலு டாக்டர்கிட்ட கேளுங்க, ஆனா பயந்துகிட்டு இருக்கறப்ப கையெழுத்து மட்டும் போடாதீங்க.

---

ஆரணி_தறிக்காரன் | புதன், இரவு 8.47

நான் ஆம்பள, இங்க எழுதலாமான்னு தெரியல, தப்புன்னா எடுத்துடுங்க.

என் வீட்டம்மாவுக்கு இதே ரிசல்ட் வந்தப்ப நான் செஞ்ச தப்பை சொல்லணும்னு எழுதறேன். பட்டுத் தறி நமக்கு, அன்னிக்கு பாவு புணைஞ்சிகிட்டு இருந்தேன், அவ வந்து பேப்பரை நீட்டுனா, பக்கத்து வீட்டு பையன் படிச்சி சொன்னான் இது இப்படித்தான் பரவும்னு. நான் அவ முகத்தைப் பாத்து கேட்ட முதல் வார்த்தை, யாரு? அவ்ளோதான் கேட்டேன். அவ ஒண்ணுமே பேசல. பேப்பரை மடிச்சி ஜாக்கெட்ல வச்சிகிட்டு, உலைய எறக்கி வச்சிட்டு, போளூர்ல அவங்க அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிட்டா. பதினோரு நாள் வரல.

அப்புறம் அவ தம்பி என்னை இழுத்துகிட்டு போய் டாக்டரம்மா முன்னாடி உக்கார வச்சான். நான் கேட்டேன், எனக்கும் டெஸ்ட் பண்ணுங்க, யார்னு தெரிஞ்சிடும்னு. ஆம்பளைங்களுக்கு வழக்கமா எடுக்கற டெஸ்டே இதுக்கு இல்லீங்கன்னாங்க. அப்புறம் அந்தம்மா ஒரு கேள்வி கேட்டாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது உண்டான்னு. எனக்கு உண்டு. ஒரே ஒரு தடவை, இருபது வயசுல. இத்தன வருஷத்துல அவகிட்ட நான் சொன்னதில்ல. அவளை யாருன்னு கேட்டவன் நான்.

போளூர் போய் கூட்டிகிட்டு வந்தேன். எல்லாத்தையும் சொன்னேன். அவ மன்னிச்சாளான்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு செக்கப்புக்கும் நான்தான் தறிய நிறுத்திட்டு கூட போறேன், வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன். டீச்சரம்மா, உங்க வீட்டுக்காரர் என்னை மாதிரி கேட்டுடக் கூடாதுன்னுதான் எழுதினேன். சொல்றப்ப தனியா சொல்லாதீங்க, விவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட இருக்கட்டும்.

---

சத்துவாச்சாரி_டு_லீட்ஸ் | புதன், இரவு 11.20

அண்ணா நீங்க எழுதினதைப் படிச்சு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

நான் வேலூர் பொண்ணு, ஒம்பது வருஷமா இங்கிலாந்துல இருக்கேன். இங்க 2019 டிசம்பர்ல இருந்து முதல்ல வைரஸ் டெஸ்டுதான், வைரஸ் இருந்தாத்தான் செல்லையே பாப்பாங்க. லெட்டர் வீட்டுக்கு வரும். எனக்கு வந்த லெட்டர்ல எல்லாம் தெளிவாத்தான் போட்டிருந்துச்சு, ஹெச்பிவி இருக்கு, செல் மாற்றம் இல்ல, ஒரு வருஷத்துல திரும்ப வாங்க, இது ரொம்ப சாதாரணம்னு. நானும் படிச்சவதான். ஆனா அந்த லெட்டரை வச்சிகிட்டு கிச்சன் தரையில உக்காந்து அழுதேன். தெளிவா சொன்னாலும் அழுகை வரும், அதனால கயல் அக்கா, அழுததுக்காக உங்களை நீங்களே கொறச்சு நெனச்சிக்காதீங்க.

இங்க இதைப் பத்தி ஆய்வே பண்ணியிருக்காங்க. 2004ல வெளிவந்த ஒண்ணுல, வைரஸ் இருக்குன்னு ரிசல்ட் வந்த பொண்ணுங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தங்க, பழைய உறவுகளையும் இனிமே வரப்போற உறவையும் நெனச்சா மனசுக்கு மோசமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. வைரஸ் இல்லன்னு வந்தவங்கள்ல அப்படி சொன்னவங்க நூத்துக்கு ரெண்டு பேர் கூட இல்ல. இதுல முக்கியமா பாக்க வேண்டியது என்னன்னா, செல்லு நார்மல்னு வந்தவங்களுக்கும் அதே மன கஷ்டம்தான். அதாவது உடம்புல கெடுதல் இருக்கோ இல்லையோ, வைரஸ்னு கேட்டதே போதும், மனசை ஆட்டிடுது. வெள்ளக்காரங்க இதுக்கெல்லாம் கவலைப்பட மாட்டாங்கன்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு, அப்படியெல்லாம் இல்ல, அவங்களும் இதே கேள்விதான் கேக்கறாங்க, யார்கிட்ட இருந்துன்னு. அந்த பதட்டம் முதல்ல உச்சத்துல இருந்து மாசம் போகப்போக எறங்குதுன்னும் பிற்பாடு வந்த ஆய்வுகள்ல இருக்கு. எனக்கும் அப்படித்தான் எறங்குச்சு.

---

காட்பாடி_கயல் | வியாழன், காலை 6.05

எல்லார் எழுதினதையும் மூணு தடவை படிச்சேன். சிஸ்டர், நீங்க சொன்ன மாதிரி அடுத்த பக்கம் பாத்தேன், நான் அங்க வரைக்கும் போகவே இல்ல. 16 இல்ல, 18 இல்ல, மத்த ஹை ரிஸ்க் வகைன்னு இருக்கு. பாப் ஸ்மியர் நார்மல்னு போட்டிருக்கு. நல்ல விஷயம் மூணாவது பக்கத்துல சின்ன எழுத்துல, பயமுறுத்தற விஷயம் முதல் பக்கத்துல தடிமனான எழுத்துல.

---

பாகாயம்_சிஸ்டர் | வியாழன், காலை 6.40

அப்பாடா. அப்படின்னா பொதுவா ஒரு வருஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட், அவ்ளோதான் சொல்வாங்க. டாக்டரைப் பாத்து அதை உறுதி பண்ணிக்கோங்க. வைரஸுக்குன்னு மாத்திரை எதுவும் கெடையாது, யாராவது எழுதிக் குடுத்து பல ஆயிரம் வாங்கினா ஏமாறாதீங்க. பொண்ணு எட்டாவதுன்னு சொன்னீங்க, அவளுக்கு தடுப்பூசி போடற வயசு இது, 9ல இருந்து 14க்குள்ள போட்டா நல்ல பலன், 2023ல இருந்து நம்ம நாட்டுல தயாராகுற செர்வாவாக்கும் கெடைக்குது. உங்களுக்கு இப்ப இருக்கற வைரஸை ஊசி போக்காது, அவளுக்கு வராம தடுக்கும்.

---

குடியாத்தம்_பொண்ணு | வியாழன், இரவு 9.33

இது எங்க அம்மாவுக்காக எழுதறேன், அம்மா பக்கத்துல உக்காந்து சொல்லிகினு இருக்காங்க, நான் டைப் பண்றேன்.

அம்மாவுக்கு 52. அப்பா லாரி டிரைவர், பெங்களூர் சென்னை லைன், ஒம்பது வருஷம் ஆச்சு தவறி. போன மாசம் எங்க ஊர்ல கேம்ப்ல அம்மாவே குச்சிய வாங்கி தானே எடுத்து குடுக்கற மாதிரி டெஸ்ட் எடுத்தாங்க, அது கூச்சம் இல்லாம சுலபமா இருந்துச்சுன்னாங்க. ரிசல்ட்ல வைரஸ் கீதுன்னு வந்துச்சு, 16ன்னு.

அம்மா அன்னிக்கு கெணத்தடியில உக்காந்து "ஒம்பது வருஷமா ஒருத்தன் மூஞ்ச நிமிந்து பாத்ததில்லையே, ஊரு என்னான்னு பேசும்"னு சொல்லி சொல்லி அழுதாங்க. எனக்குத் தெரியக்கூடாதுன்னு பேப்பரை அரிசி டின்ல வச்சிருந்தாங்க, நான் அரிசி எடுக்கும்போதுதான் பாத்தேன். அப்பா இருந்தப்ப லாரி ஓட்றவன்னாலே ஜனங்க ஒரு மாதிரி பேசுவாங்க, அத அம்மா இருபது வருஷம் கேட்டுகினு வாழ்ந்தவங்க, இப்ப அவர் போயும் அந்த பேச்சு வருமோன்னு பயம். கோவமும் கீது, அவர்மேல. போட்டோவுக்கு தெனமும் பூ வைப்பாங்க, ரெண்டு வாரமா வைக்கல.

சிஸ்டர், அம்மா கேக்க சொல்றாங்க: இவ்ளோ வருஷம் கழிச்சும் அது இருக்குமா? இல்ல டெஸ்ட் தப்பா?

---

பாகாயம்_சிஸ்டர் | வியாழன், இரவு 10.10

அம்மாகிட்ட இதை சத்தமா படிச்சு காட்டும்மா.

அம்மா, இருக்கும். ஒம்பது வருஷம் என்ன, அதுக்கு மேலயும் தூங்கிகிட்டு இருக்கும். தீட்டு நிக்கற வயசுல உடம்புல எதிர்ப்பு கொஞ்சம் கொறையும்போது வெளிய தெரியும். உங்க நடத்தைக்கும் இந்த பேப்பருக்கும் சம்பந்தம் இல்ல. இதை எந்த எடத்துல வேணும்னாலும் வந்து நான் சொல்லுவேன். அய்யா மேல தப்பா, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா, அதையும் இந்த டெஸ்ட் சொல்லாது. அவர்மேல கோவம் வருதுன்னா அது உங்க மனசு, வரட்டும், யாரும் அதை தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா இந்த பேப்பரை சாட்சியா வச்சு கோவப்படாதீங்க.

16ங்கறதால கால்போஸ்கோபி கண்டிப்பா பாக்கணும், தள்ளிப் போடாதீங்க. பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கருவியில கர்ப்பப்பை வாயை உத்துப் பாப்பாங்க, வினிகர்ல இருக்குமே அந்த அமிலத்தை பஞ்சுல தொட்டு வைப்பாங்க, கொஞ்சம் சுருக்குனு இருக்கும், மாறுன எடம் வெள்ளையா தெரியும். தேவைன்னா கடுகளவு சதை எடுப்பாங்க. ரத்தம் நிக்க ஒரு மருந்து தடவுவாங்க, அதனால ரெண்டு மூணு நாள் காபித்தூள் மாதிரி கருப்பா வரும், அத பாத்து பயந்துடாதீங்க, முன்னாடியே சொல்லாததால பாதி பேர் அலறி அடிச்சிகிட்டு திரும்பி வர்றது அதுக்குத்தான். ஏதாவது இருந்தாலும் இந்த கட்டத்துல சூடு வச்சோ கம்பி மூலமா அந்த எடத்தை மட்டும் எடுத்தோ சரி பண்ணிடலாம், அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்.

---

பேர்_வேணாம்_34 | வெள்ளி, அதிகாலை 1.18

எல்லாரும் கல்யாணம் ஆனவங்க, எனக்கு ஆகல. ராணிப்பேட்டை பக்கம் வேலை. ஒருத்தரோட பழக்கம் இருந்துச்சு, முடிஞ்சு போச்சு. வெள்ளைப்படுதல்னு போனப்ப நர்ஸ் ஒருத்தங்க கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்க, இல்லன்னேன், அப்ப இந்த டெஸ்ட் உனக்கு வேணாம்னு எழுந்துட்டாங்க. வேணும்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா என்னன்னு நெனப்பாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. டெஸ்ட் எடுக்காத எங்களுக்கும் ராத்திரி தூக்கம் இல்லன்னு சொல்லத்தான் எழுதறேன்.

---

சத்துவாச்சாரி_டு_லீட்ஸ் | வெள்ளி, அதிகாலை 2.05

நீங்க தனியா இல்ல. இங்க அந்த கேள்வியே கேக்க மாட்டாங்க, வயசு வந்துட்டா எல்லாருக்கும் அழைப்பு வரும், வரதும் வராததும் நம்ம இஷ்டம். நம்ம ஊர்லயும் கேள்வியை மாத்தினா போதும்.

---

பாகாயம்_சிஸ்டர் | வெள்ளி, காலை 7.30

தங்கச்சி, நீ கேட்டு வாங்கலாம். முப்பது தாண்டியாச்சு, எனக்கு கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுக்கணும்னு மட்டும் சொல்லு, காரணம் சொல்ல வேண்டியதில்ல. கேட்டாங்கன்னா ஆமா உறவு இருந்துச்சுன்னு ஒரே வரி. அதுக்கு மேல நீ யாருக்கும் கணக்கு சொல்ல வேண்டாம். அந்த நர்ஸ் செஞ்சது தப்பு. குச்சியில தானே எடுத்துக்கற டெஸ்ட் கெடைக்குதான்னும் கேட்டுப்பாரு, உலக சுகாதார நிறுவனமே அதை ஏத்துகிட்டிருக்கு.

டெஸ்டே வேணாம், பயம்தான் மிச்சம்னு இதைப் படிச்சிட்டு யாராவது நெனச்சிடாதீங்க, அது எனக்கு ரொம்ப கவலை. மகாராஷ்டிரால உஸ்மானாபாத் ஜில்லாவுல ஒரு லட்சத்துக்கும் மேல பொண்ணுங்களை வச்சு எட்டு வருஷம் பாத்தாங்க, 2009ல முடிவு வந்துச்சு, ஒரே ஒரு தடவை ஹெச்பிவி டெஸ்ட் எடுத்த ஊர்கள்ல இந்த புற்றுநோயால சாவு ஏறக்குறைய பாதியா கொறஞ்சிருந்துச்சு. நம்ம திண்டுக்கல் பக்கம் அந்த அமிலத்தை மட்டும் வச்சு பாத்த பரிசோதனையிலயே சாவு முப்பத்தஞ்சு சதவீதம் கொறஞ்சிச்சு, அதே டெஸ்ட் ஆரம்ப சுகாதார நிலையத்துல காசு இல்லாமலே எடுக்கறாங்க. டெஸ்ட் எடுங்க. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி, வைரஸ் தெரிஞ்சா என்ன அர்த்தம்னு எனக்கு சொல்லிட்டு எடுங்கன்னு கேளுங்க. சொல்லலன்னா அந்த கட்டில்ல படுக்காதீங்க, அவங்க சொல்ற வரைக்கும் உக்காந்தே இருங்க.

---

காட்பாடி_கயல் | பத்து நாள் கழிச்சு, ஞாயிறு, மாலை 4.20

டாக்டரைப் பாத்தாச்சு. ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னாங்க. தனியா சொல்ல வேணாம்னு ஆரணி அண்ணா சொன்னதால வீட்டுக்காரரையும் உள்ள கூட்டிகிட்டுப் போனேன், டாக்டரே அவருக்கு எல்லாம் விளக்குனாங்க. அவர் தலைய குனிஞ்சிகிட்டே கேட்டாரு. வெளிய வந்து வண்டி எடுக்கும்போது "இத்தன நாளா நீ மட்டும் வச்சிகிட்டு இருந்தியா"ன்னு கேட்டாரு. போனை எடுத்துப் பாத்ததையும் சொல்லிட்டேன். ஒண்ணும் சொல்லல, கொஞ்ச தூரம் போய் வண்டிய ஓரம் கட்டி எளநீ வாங்கிக் குடுத்தாரு. இன்னும் ஒரு மாதிரி அமைதியாத்தான் இருக்காரு, எனக்கும் ராத்திரியில திடீர்னு முழிப்பு வருது, ஆனா பசங்க டம்ளர்ல தண்ணி குடிக்கறேன்.

---

குடியாத்தம்_பொண்ணு | ஞாயிறு, மாலை 6.55

அக்கா ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கு கால்போஸ்கோபி ஆச்சு, வெள்ளையா ஒரு எடம் தெரிஞ்சிச்சு, சதை எடுத்து பாத்ததுல சிஐஎன் 2ன்னு வந்துச்சு, அதாவது செல்லு மாறியிருக்கு, புற்றுநோய்க்கு முந்தின கட்டம், புற்றுநோய் இல்லன்னாங்க. செவ்வாய்க்கிழமை அந்த எடத்தை மட்டும் எடுத்தாங்க, சாயந்திரமே வூட்டுக்கு வந்துட்டோம். சிஸ்டர் சொன்ன காபித்தூள் மாதிரி வந்துச்சு, அம்மா என்னைக் கூப்ட்டு "தோ, அந்த நர்ஸம்மா சொன்னாங்களே"ன்னு காட்டுனாங்க, பயப்படல. அப்பா போட்டோவுக்கு நேத்து பூ வச்சாங்க. நான் எதுவும் கேக்கல.

---

பேர்_வேணாம்_34 | ஞாயிறு, இரவு 10.41

சிஸ்டர், செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கேன். வெறும் வயித்துல போகணுமா?

---

பாகாயம்_சிஸ்டர் | ஞாயிறு, இரவு 10.44

வேணாம்மா, நல்லா சாப்ட்டுட்டு போ. தீட்டு நாள் மட்டும் இல்லாம பாத்துக்கோ, முந்தின ரெண்டு நாள் உள்ள மருந்து எதுவும் வைக்காத. சுடிதாரை விட பாவாடையோ லூசான நைட்டியோ போட்டுகிட்டா சுலபமா இருக்கும். கூட வர ஆள் இல்லன்னா தனியா மெசேஜ் பண்ணு, அன்னிக்கு எனக்கு மதியம் ரெண்டு மணிக்குத்தான் டியூட்டி.